இரண்டாம் தட்டு சற்று முன்னால் விழட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வால்ட்ஸைக் கேட்டேன். முதலில் ஹெட்போனில், பிறகு ஸ்பீக்கரில் சத்தமாக. மாதேஸ்வரன் மலையில் உட்கார்ந்துகொண்டு, நீயே எழுதிய புரோகிராமில், கம்சாளே என்ற வெண்கலத் தாளக்கருவியின் ஓசையையும் நண்பர்கள் வாசித்துத் தந்த வயலின், செலோ துணுக்குகளையும் லூப்பாக்கி, ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கான வால்ட்ஸைக் கட்டிவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு ஏன் சுழல மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய். நேராக அதற்கே வருகிறேன்.

கணக்கு மிகச் சரியாக இருப்பதுதான் கோளாறு. நிமிடத்துக்கு 180 தட்டு வைத்திருக்கிறாய். வியன்னா வால்ட்ஸுக்கு ஏற்ற வேகம். அந்த வேகத்தில் மூன்று தட்டு கொண்ட ஒரு பார் மிகச் சரியாக ஒரு விநாடி, அதாவது 44,100 சாம்பிள். மூன்றால் வகுத்தால் 14,700, மீதியே கிடையாது. புரோகிராம் எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான எண் கிடைக்காது. நீயும் ஒவ்வொரு 14,700-க்கும் ஒரு தட்டை அடித்து நிறுத்திவிட்டாய். வியன்னாவில் வால்ட்ஸ் வாசிக்கிறவர்கள் அப்படி வாசிப்பதில்லை. முதல் தட்டு அடித்தளம். இரண்டாம் தட்டு தன் இடத்துக்குச் சற்று முன்பே வந்து விழுகிறது. அதற்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அகலமாகிறது. ஆடுகிற ஜோடி திரும்பி முடிக்கும் நேரம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. யோஹான் ஸ்ட்ராஸ் 1867-ல் தந்த ‘நீல டான்யூப்’ வால்ட்ஸை வியன்னா பில்ஹார்மோனிக் புத்தாண்டுக் கச்சேரியில் வாசிப்பதைக் கேள். அதே ஸ்கோரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மனிதக் கை படாமல் ஓடவிட்டும் கேள். சுரம் ஒன்றுதான். இரண்டாவதற்கு உடம்பு அசையாது.

ஆகவே முதல் வேலை இது. இரண்டாம் தட்டை 1,300 முதல் 2,200 சாம்பிள் வரை முன்னே தள்ளு. 30லிருந்து 50 மில்லி விநாடி. முதல் தட்டில் இருக்கும் செலோவையும் டபுள் பாஸையும் தொடாதே. இரண்டு, மூன்றில் வரும் இரண்டாம் வயலின், வயோலா, ஹார்ன் ஆகியவற்றின் இரண்டாம் தட்டை மட்டும் நகர்த்து. எல்லா பாரிலும் ஒரே அளவு தள்ளினால் அது இன்னொரு இயந்திரமாகிவிடும். மெட்டு புறப்படும் இடத்தில் அதிகமாகத் தள்ளு, எட்டு பார் முடிந்து வாக்கியம் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய நேராக்கிவிடு. இதைத் தற்செயல் எண்ணை வைத்து செய்யாதே என்றும் சொல்லிவிடுகிறேன். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தடுமாறும் கைக்கும் எங்கே முந்த வேண்டும் என்று தெரிந்த கைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு உடனே தெரியும். ஒவ்வொரு பாருக்கும் நீயே பாடிப் பார்த்து எண்ணை எழுது. அலுப்பான வேலைதான். இசையமைப்பு என்பது அந்த அலுப்பும் சேர்ந்ததுதான்.

இதைக் கற்றுக்கொள்ள நீ வியன்னா போக வேண்டியதும் இல்லை. உன் மலையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பீசு கம்சாளே ஆடுகிறவரின் கையை மட்டும் பார். இடது உள்ளங்கையில் குழிந்த வெண்கலக் கிண்ணம். வலக்கையில் கயிறு கட்டிய தட்டையான வட்டு. அவர் வட்டைக் கயிற்றோடு சுழற்றி வீசுகிறார், அது தலைக்கு மேலோ முதுகுப் பக்கமோ போய்த் திரும்பிக் கிண்ணத்தில் விழுகிறது. வீச்சு பெரிதானால் வட்டு திரும்ப நேரம் பிடிக்கும், அதனால் கை முன்கூட்டியே புறப்பட்டுவிடும். காலத்தை அவர் உடம்பால் அளக்கிறார். நீ இந்த ஓசையைப் பதிவு செய்தபோது ஒரே ஒரு அடியை மட்டும் வெட்டி எடுத்து அதையே திரும்பத் திரும்ப வைத்திருக்கிறாய். அந்த அடிக்கு முன்னால் இருந்த வீச்சு போய்விட்டது. குறைந்தது எட்டு பார் நீளத்துக்கு, ஆடுகிறவர் ஆடிக்கொண்டே வாசிப்பதைப் பதிவு செய். பிறகு உன் வால்ட்ஸை அவருடைய காலத்துக்குப் பொருத்து. அவரை உன் மெட்ரோனோமுக்கு இழுத்துப் பிடிக்காதே.

பதிவைப் பற்றி இன்னொன்று. கம்சாளே வாசிக்கும் தேவரகுட்டர்கள் தீட்சை பெற்றவர்கள். மாதேஸ்வரனின் கதையை இரவிரவாகப் பாடுவது அவர்களுக்கு வழிபாடு. கேட்காமல் பதிவு செய்யாதே. எதற்காக எடுக்கிறாய், அது எங்கே போகும் என்பதை அவர்கள் மொழியில் சொல். பணம் கொடு. பெயரைப் போடு. அவர்கள் எந்தப் பகுதியை வேண்டாம் என்கிறார்களோ அதை அழித்துவிடு. அமாவாசைக் கூட்டத்திலும் சிவராத்திரியிலும் மைக்கை நீட்டாதே. கூட்டம் இறங்கிய பிறகு போய் உட்கார், ஓசையும் சுத்தமாகக் கிடைக்கும்.

இனி லூப்பின் தையல். உன் லூப்புகள் ஒவ்வொரு விநாடியும் மெல்ல ‘டிக்’ என்கின்றன. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டி, ஐந்து பத்து மில்லி விநாடி கிராஸ்ஃபேடு கொடுத்தால் அது போய்விடும். அதைவிடப் பெரிய தவறு வெண்கலத்தின் கார்வையை அறுத்தது. கம்சாளே அடித்த பிறகு ஓசை பல விநாடி நிற்கிறது. உன் லூப் ஒரு விநாடியில் முடிகிறது. வழி இருக்கிறது: லூப்பை இரண்டு முறை தொடர்ச்சியாக ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடு. முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தலையில் படிந்திருக்கும், மூட்டு தெரியாது. கார்வை லூப்பைவிட நீளமாக இருந்தால் சுற்றுகளைக் கூட்டிக்கொள்.

நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிரையன் ஈனோ 1978-ல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தில் வெவ்வேறு நீளமுள்ள டேப் லூப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஓடவிட்டார். மூன்று பார், நான்கு பார், ஐந்து பார் என்று மூன்று லூப் வைத்தால் அவை மறுபடி ஒன்றாகத் தொடங்க 60 பார் ஆகும். உன் வேகத்தில் முழு ஒரு நிமிடம். ஹார்ப், மரக்காற்றுக் கருவிகள், கம்சாளே ஆகியவற்றுக்கு இது அழகாக இருக்கும். பாஸுக்கும் மெட்டுக்கும் கூடாது. வால்ட்ஸ் எட்டும் பதினாறுமாக மூச்சு விடுகிற வடிவம். அடித்தளம் அந்தக் கணக்கில் நிற்க வேண்டும்.

ஸ்வரக்கோவை, அதாவது கார்டு, மாறுவதும் இங்கே முக்கியம். ஒரே கார்டில் சுற்றும் லூப் எவ்வளவு அழகானாலும் மூன்றாவது நிமிடத்தில் களைத்துவிடும். ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய். ஒன்றை எடுத்துச் சுருதி ஏற்றி இறக்கினால் செலோ செலோவாக இருக்காது. முதலில் காகிதத்தில் எழுது. இளையராஜா கருவி எதையும் தொடாமல் நேராக ஸ்கோர் எழுதுகிறவர். அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியபோது மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் முன்னால் எழுதிய தாள் இருந்தது. உன் புரோகிராம் நாளை ஓடாமல் போகலாம், தாள் ஓடும்.

மேற்கத்திய மூன்று எண்ணிக்கை உனக்கு அந்நியம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படிப் படவில்லை. ரூபக தாளத்தை இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று நாம் போடுவது மூன்றுதானே. முத்துஸ்வாமி தீட்சிதர் கம்பெனிக்கார ஆங்கில பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதி ‘நோட்டுஸ்வர’ங்களாக்கினார். அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டனின் தேசிய கீத மெட்டு. அந்த மெட்டும் மூன்று எண்ணிக்கைதான். உன் மலையும் 1956 வரை கொள்ளேகால் தாலுகாவோடு சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தமிழும் கன்னடமும் கலந்த காது உனக்கு வாய்த்தது அதனால்தான்.

மைசூர்ப் பக்கம் மேற்கத்திய இசையோடு இதைவிட நெருங்கிய உறவு உண்டு. மகாராஜா ஜெயசாமராஜ உடையார் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றவர். லண்டன் பில்ஹார்மோனியா கான்சர்ட் சொசைட்டியின் முதல் தலைவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘நான்கு கடைசிப் பாடல்கள்’ 1950 மே 22 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறியதற்குப் பணம் தந்து துணை நின்றவரும் அவரே. இந்த ஸ்ட்ராஸ் வியன்னா வால்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் 1911-ல் மேடையேறிய அவருடைய ‘டெர் ரோசன்காவலியர்’ ஆபராவில் வரும் வால்ட்ஸ்கள், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா எவ்வளவு லேசாகச் சுழலலாம் என்பதற்கு நல்ல பாடம். ஸ்கோரைத் தேடிப் படி. ஹார்ன்கள் எப்போது சும்மா இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள். உன் பாட்டில் எந்தக் கருவியும் ஒரு நொடிகூட சும்மா இல்லை.

வீட்டில் செய்த ஓசை என்று உன் வேலையை நீயே குறைத்துப் பேசுகிறாய். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்கரான டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரையும் டேப் மெஷின்களையும் வைத்து ஸ்டூடியோ அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலானவர்கள் அங்கே 1972 வரை மின்னணு இசை செய்தார்கள். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்து, 2023-ல்தான் ஆல்பமாக வந்தன. நீ உன் கோப்புகளுக்கு ‘புதுசு_கடைசி_2’ என்று பெயர் வைத்திருக்கிறாய். யார் வாசித்தது, எங்கே, எந்தத் தேதி, என்ன வேகம், என்ன சுருதி என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுது. இரண்டு இடங்களில் நகல் வை.

அடுத்த முறை முழுப் பாட்டையும் அனுப்ப வேண்டாம். முதல் பதினாறு பார் போதும். தந்திக்கருவிகள், ஹார்ன், கம்சாளே மூன்றும் தனித்தனிக் கோப்பாக, நீ கையால் எழுதிய இரண்டாம் தட்டு எண்களோடும் ஸ்கோரோடும் வரட்டும். கம்சாளே வாசித்தவரின் பெயரையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்