உழவுக் கல்வி புகட்டும் ஆசிரியர்

கல்லூரிப் படிப்பு முடியுங் காலத்தில், இனி எத்தொழிலை மேற்கொள்வது என்னும் எண்ணம் மாணாக்கர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அங்ஙனம் எண்ணுவோருட் பலர் கருதாது விடும் தொழிலொன்று உண்டு. அஃது உழவுக் கல்வி புகட்டும் ஆசிரியர் தொழிலாம். படித்தவனுக்கு மண் எதற்கு, மண்ணில் உழைப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்னும் நினைவு வேரூன்றி நிற்றலே இதற்குக் காரணம். அவ்விரண்டையும் இணைப்பதே இவ்வாசிரியர் கடமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தொழில் வளர்ந்த வரலாறு கொண்டு இதன் இயல்பை ஆராய்வோம்.

மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்த்தாம்டன் நகரில் ஸ்மித் விவசாயப் பள்ளி 1908-ஆம் ஆண்டு தொடங்கியது. கனெக்டிகட் விவசாயக் கல்லூரியின் தலைவராயிருந்த ரூபஸ் ஸ்டிம்சன் என்பார் அப்பதவியை விடுத்து, இப்பள்ளியின் தலைமையை ஏற்றார். பள்ளிக்குரிய நிலத்தில் ஏவியதைச் செய்யும் மாணவனுக்கு விளைவைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் கவலை இல்லை. பொறுப்பில்லாதவிடத்துக் கல்வி நிலைபெறாது. ஆதலின், ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு நிலத்திலேயே ஒரு பயிரையோ கோழிகளையோ தன் பொறுப்பில் வளர்த்து, வரவு செலவு எழுதி வருதல் வேண்டுமென அவர் வகுத்தார். ஆசிரியர் அவ்வீடுகளுக்குச் சென்று மேற்பார்வை செய்வார்.

1917-ல் நிறைவேறிய ஸ்மித்-ஹியூஸ் சட்டம், உழவுக் கல்வி ஆசிரியரின் சம்பளத்திற்குக் கூட்டரசின் பொருளுதவியை அளித்தது. மாணாக்கர் ஆண்டுதோறும் ஆறு மாதத்திற்குக் குறையாமல் செய்கைப் பயிற்சி பெறவேண்டுமென்றும் விதித்தது. 1928-ல் கான்சாஸ் நகரில் வருங்கால உழவர் சங்கம் நிறுவப்பட்டது. வகுப்பறை, வயல், சங்கம் என்னும் மூன்றும் இக்கல்வியின் உறுப்புகளாயின. எனினும், கறுப்பின மாணாக்கர் 1965 வரை தனிச் சங்கத்திலேயே இருந்தனர். பெண்களுக்கு 1969-ல்தான் நாடளாவிய சங்கத்திற் கதவு திறந்தது. நிலம் யாரையும் விலக்காதிருக்க, மனிதர் விலக்கினர் என்பதை இத்தொழிலை நாடுவோர் மறத்தலாகாது.

பள்ளிக்கு வரவியலாத உழவர்க்கும் கல்வி உண்டு என்பதைக் காட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத்தளையிற் பிறந்த அவர், 1896-ல் அலபாமா மாகாணத்து டஸ்கிகீ கல்விநிலையத்தில் ஆசிரியரானார். ஓயாது பருத்தியே விளைத்து அப்பகுதி மண் வளங்குன்றியிருந்தது. தட்டைப்பயறு, நிலக்கடலை முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிர்க்கு உதவுகின்றன. ஆதலின் இவற்றைப் பருத்தியோடு மாற்றிப் பயிரிடுமாறு அவர் கற்பித்தார். 1906-ல் குதிரை பூட்டிய வண்டியொன்று கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர்கள்தோறும் செல்லலாயிற்று. மாணாக்கர் வாராவிடில் பள்ளியே அவரிடஞ் சென்றது.

இத்தொழிற்கு வேண்டும் தகுதிகள் யாவை? முதலாவது, மண், பயிர், கால்நடை, பூச்சி, சந்தை ஆகியவற்றைப் பற்றிய அறிவு. இரண்டாவது, கையாற் செய்து பழகிய திறம். ஏர் பிடித்தறியாதவன் சொல்லை உழவன் மதியான். மூன்றாவது, பணிவு. தலைமுறை தலைமுறையாக ஒரு நிலத்தை உழுதவன் அதன் குணத்தை நூல்களினும் நுட்பமாக அறிவான். அவனிடங் கேட்டறியாத ஆசிரியர் அவனுக்குக் கற்பித்தல் அரிது.

இத்தொழிலில் இன்னல்களும் உள. பயிர் கோடை விடுமுறையை அறியாது. கன்று ஈனும் பசு பள்ளி மணியை நோக்காது. பிற ஆசிரியர் பிழையாகக் கற்பித்தால் மாணவன் தேர்விலே சில எண் இழப்பான். இவ்வாசிரியர் பிழையாகக் கற்பித்தாலோ ஒரு குடும்பம் ஓராண்டு விளைவை இழக்கும். ஆகவே, வேறு வேலை கிட்டாமையால் இதனை நாடுவோர் விலகி நிற்றலே நலம். மண்ணிடத்தும் மாணாக்கரிடத்தும் ஒருங்கே அன்புடையோர்க்கு இதனினும் பயனுள்ள பணி அரிது. அத்தகையோர் நம் கல்லூரியினின்றும் சிலரேனும் புறப்படுவாராக.