எதுவாயினும் என்பது கடைசியில்

ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பாடம். 1972 ஆகஸ்டு 15-இல் வந்த பின்கோடில் 411 என்றால் புனே நகரம். சென்னையில் கடிதம் பிரிப்பவருக்கு "411, பிறகு எதுவாயினும்" என்பதே போதும். மிச்ச மூன்று இலக்கம் இங்குள்ளவர் பாடு.

ஜாங்கோ என்னும் வலைச்செயலிக் கட்டமைப்பும் வரும் முகவரிகளை இப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். "ரயில்/எதுவாயினும்" மேலேயும் "ரயில்/அட்டவணை" கீழேயும் இருந்தால், அட்டவணை கேட்டவருக்கு "அட்டவணை" என்ற பெயரில் ஒரு வண்டியைத் தேடும்! ரயில்வேக்காரன் பாஷையில், முதல் பாயிண்டிலேயே திரும்பிய வண்டி அடுத்த பாயிண்டுக்கு வராது. ஆகவே குறிப்பான விதி மேலே, "எதுவாயினும்" கீழே. ஃபிளாஸ்க் குறிப்பான விதிக்குத் தானே முன்னுரிமை தரும்; அங்கே இந்தக் கவலை குறைவு.