குளியல் நீருக்குத் தனி லைன் போடுங்கள்

கேள்வி: திருவள்ளூர் அருகே புது வீடு கட்டுகிறோம். பாதாளச் சாக்கடை கிடையாது. குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா? அதற்கு மெஷின் வைக்க வேண்டுமா?

பதில்: தாராளமாக விடலாம். மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். பிளம்பர் வருவதற்கு முன்பே ஒன்றை மட்டும் முடிவு செய்துவிடுங்கள். கழிப்பறைக் கழிவும் சமையலறை நீரும் ஒரு லைனில் செப்டிக் டேங்குக்குப் போகட்டும். குளியலறை, வாஷிங் மெஷின் நீர் தனி லைனில் தோட்டத்துக்கு வரட்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு பிரிப்பதென்றால் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20. நான்கு பேர் உள்ள வீட்டில் தினமும் 300 லிட்டர் தேறும்.

அதற்கு 10 அடி நீளம், 3 அடி அகலம், 2.5 அடி ஆழத்தில் கசியாத சிமென்ட் தொட்டி போதும். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒன்றரை இன்ச் ஜல்லி, மற்ற இடமெல்லாம் முக்கால் இன்ச் ஜல்லி நிரப்பிக் கல்வாழை நடுங்கள். ஜல்லி இடுக்குகளில் 700 லிட்டர் வரை பிடிக்கும். ஆகவே நீர் இரண்டு நாளுக்கு மேல் உள்ளே தங்கும். ஜல்லியிலும் வேரிலும் படியும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். வெளியேறும் பைப்பை ஜல்லி மட்டத்துக்கு 3 இன்ச் கீழே வையுங்கள். தண்ணீர் மேலே தெரியாது, கொசுவும் வராது.

கவனிக்க வேண்டியவை:

• நுழைவாயில் சல்லடையில் சேரும் முடி, நூலை வாரம் ஒருமுறை அகற்றுங்கள்.

• தொட்டிக்கு முன் ஒரு வால்வு வைத்து, மலம் பட்ட குழந்தைத் துணி துவைக்கும்போதும் அடைமழையிலும் நீரைச் செப்டிக் டேங்குக்குத் திருப்புங்கள்.

• சோப்புத் தூளைக் குறையுங்கள். அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

• தென்னை, வாழைக்கு விடலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் கூடாது.

• செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழி, கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் இத்தகைய ஜல்லிப் படுகை உண்டு. அந்த நீர் வளாகத் தோட்டத்துக்கே பாய்கிறது. அத்தனை பேர் வந்துபோகும் இடத்தில் சாத்தியமானது நான்கு பேர் வீட்டில் முடியாதா? தளம் போடுவதற்குள் இரண்டாவது லைனை வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.