பெஹாலாவின் பேய்க்கதையும் செயற்கை நுண்ணறிவும்

செயற்கை நுண்ணறிவின் துணையோடு திகில் கதை எழுத முனைவோர், மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துகளில் பயின்று, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும் மென்பொருள் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். பொதுப்படையாகக் கேட்டால் அது பாழடைந்த பங்களாவையும் கிறீச்சிடும் கதவையுமே தரும்.

ஆகவே கட்டளையில் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்துத் தருதல் நன்று. கொல்கத்தாவின் பெஹாலாவைக் களமாகக் கொள்பவர், டைமண்ட் ஹார்பர் சாலைக்கு மேலே ஓடும் மெட்ரோவையும், பரிஷாவில் சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தார் துர்கா பூஜை நடத்தும் பழைய மண்டபத்தையும் குறிப்பிடலாம். வங்க நம்பிக்கையில் வரும் 'நிஷி' என்னும் ஆவி, வேண்டியவரின் குரலில் இரவில் பெயர் சொல்லி அழைக்கும். இரண்டு முறைக்கு மேல் அழைக்காது என்பதால், மூன்றாம் அழைப்பு வரும்வரை பதில் சொல்லலாகாது என்பர். இவ்விதியை அப்படியே கொடுத்து, உருவத்தைக் காட்டாமல் குரலை மட்டும் எழுதச் சொன்னால் அச்சம் தானே கூடும். மூன்றாம் அழைப்பு பூட்டிய அறைக்குள்ளிருந்து வருவது போன்ற திருப்பத்தை எழுத்தாளரே தீர்மானிக்க வேண்டும். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

2017இல் எம்ஐடி ஊடக ஆய்வகம் உருவாக்கிய 'ஷெல்லி' என்னும் திகில் கதைக் கருவியும் மனிதரோடு மாறி மாறி எழுதுமாறே அமைக்கப்பட்டது. முழுக் கதையையும் ஒரே மூச்சில் கேட்பதைவிட, பத்தி பத்தியாகக் கேட்டுத் திருத்துவது இன்றும் மேலான முறை. சங்கு வளை அணிந்த சாகசுன்னி போன்ற ஆவிகளைக் கருவி பிழையாக வருணிக்கக்கூடுமாதலால், வங்காளிகளிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. அக்கம்பக்கத்தில் நேர்ந்த மரணங்களையோ இறந்தவர்களின் பெயர்களையோ கருவியில் இடுதல் கூடாது.