தளர்நடைப் பிள்ளையின் திருவுள்ளம்

வைகாசி விசாகப் பெருவிழாவின் ஐந்தாம் திருநாளிரவில், ஆழ்வார்திருநகரியில் நவதிருப்பதி எம்பெருமான்கள் கருடவாகனத்தில் எழுந்தருள, ஸ்வாமி நம்மாழ்வார் ஹம்ஸவாகனத்தில் எழுந்தருளுகிறார். பெரியோர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி. தந்தையின் தோளிலுள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கோ தீவட்டியும் மேளமும் கருடனின் விரித்த சிறகும் அச்சமே தருகின்றன. பிள்ளை வீறிட்டழுகிறது. "பெருமாள் முன்னே அழலாமா?" என்று அதட்டுவோர் பலர். அவ்வழுகை அபசாரமன்று, சொல் வாராத பருவத்தில் உள்ளம் பேசும் பேச்சு அதுவே.

இப்பருவத்தின் இயல்பைப் பெரியாழ்வார் திருமொழியிற் காணலாம். அதன் முற்பகுதிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானம் செல்லரித்துப்போக, அக்குறை தீர்த்தருளியவர் 1370-ல் இத்தலத்திலே திருவவதரித்த மணவாள மாமுனிகள். தளர்நடைக்குப் பின் 'அச்சோ' வருகிறது. தாய் அழைக்க, பிள்ளை வந்து அணைய வேண்டும். அடுத்தது 'புறம்புல்கல்', அங்கே பிள்ளை தானே பின்புறமாக வந்து கட்டிக்கொள்கிறது. விலகிப்போய் விளையாடவும், வேண்டும்போது திரும்பி வந்து தழுவவும் இடமுள்ள பிள்ளையே அஞ்சாது வளரும். எப்போதும் இடுப்பில் வைத்திருப்பதும், அழும்போது இறக்கிவிடுவதும் இதற்கு நேர்மாறு.

ஆகவே திருவீதியில் அழும் பிள்ளையைக் கூட்டத்தினின்று சற்று ஒதுக்கி அணைத்து, "சத்தம் பெரிதாக இருக்கிறது, பயந்துவிட்டாய், அம்மா இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். தன் அச்சத்திற்குப் பெயர் உண்டென்று பிள்ளை அப்போதுதான் அறிகிறது. அழுகை அடங்கியபின் தூரத்திலிருந்து கருடனைக் காட்டலாம். ப்ரஸாதத்தைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தர மறுத்தாலும் பிடுங்கிக் கொடுத்தல் வேண்டா. இரண்டு வயதில் 'எனது' என்பது பேராசையன்று; பெற்றோர் பகிர்ந்துண்பதைப் பலநாள் கண்டே அது பகிரக் கற்கும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லத்தக்கது. காரியாரும் உடையநங்கையாரும் அழாத, பாலுண்ணாத திருக்குழந்தையைப் புளியமரத்தடியில் விட்டனர். ஆழ்வார் பதினாறாண்டு மௌனமாயிருந்தார். அது அவதார விசேஷம். நம் வீட்டுப் பிள்ளை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமலோ, இரண்டு வயதாகியும் இருசொல் சேர்த்துப் பேசாமலோ, கற்ற சொற்களை இழந்தோ இருந்தால், "ஆழ்வாரும் பேசவில்லையே" என்று நாளைக் கடத்துதல் பெரும்பிழை. உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுக, செவிப்புலனையும் சோதிப்பிக்க.

அழுத பிள்ளை மறுநாள் வீட்டில் தலையணையைக் கருடனாக்கித் தட்டைக் கொட்டி வரும். கண்ணை உருட்டித் தாயை அச்சுறுத்தும். கண்ணன் காட்டிய 'அப்பூச்சி' அதுதான். யசோதைப் பிராட்டியைப்போல் அவளும் சற்று அஞ்சிக்காட்டட்டும்.