கனலும் அன்னமும்: ஆற்றுக்கால் பொங்காலையின் உட்பொருள்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையை அடுத்துள்ளது பழவங்காடி. அங்கு எழுந்தருளியுள்ள கணபதிக்குத் தேங்காய் உடைத்து வழிபடும் அன்பர்களை நாள்தோறும் காணலாம். ஆண்டில் ஒருநாள் மட்டும் அவ்வீதியே அடுக்களையாகிவிடுகிறது. கும்ப மாதத்துப் பூர நன்னாளில், சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிட வரும் பெண்களின் செங்கல் அடுப்புகள் பழவங்காடியையும் கடந்து நீளுகின்றன. 2009-ஆம் ஆண்டில் இவ்வாறு 25 லட்சம் பெண்கள் கூடியது கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

ஆற்றுக்கால் அன்னையைக் கண்ணகியாகவே மரபு போற்றுகிறது. மதுரையை நீங்கிக் கொடுங்கல்லூர் செல்லும் வழியில் அவள் இங்குத் தங்கினாள் என்பதும், கிள்ளியாற்றங்கரையில் சிறுமி வடிவில் ஒரு பெரியவருக்குக் காட்சியளித்தாள் என்பதும் தலவரலாறு.

காப்புக் கட்டுதலுடன் பத்து நாள் விழா தொடங்குகிறது. கண்ணகியின் கதை தோற்றம்பாட்டாக நாள்தோறும் பாடப்படுகிறது. ஒன்பதாம் நாள் பாண்டியன் வதைப் பகுதி பாடி முடிந்ததும், கருவறை விளக்கின் சுடரால் ஆலயத்தின் பண்டார அடுப்பு மூட்டப்படும். அதன் பின்னரே மற்ற அடுப்புகள் எரியத் தொடங்கும். பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் மண்பானையில் பொங்கும். பின்னர் அர்ச்சகர்கள் தீர்த்தம் தெளிக்க, அது நிவேதனமாகிறது.

இந்த வரிசைமுறையே நமக்குப் பாடம். சினம் உச்சத்தை எட்டும் கட்டத்தில்தான் அடுப்பு மூட்டப்படுகிறது. நகரை எரித்த கனல், இங்கே மூன்று செங்கற்களின் எல்லைக்குள் நின்று அன்னம் சமைக்கிறது. அநீதியைக் கண்டு எழும் சினம் தீமையன்று. எல்லை கடந்த சினமே தீமை. முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு காப்பியக் கண்ணகியும் தீக்கடவுளுக்குக் கட்டளையிட்டாள் அன்றோ! ஆற்றலை அழிப்பதன்று சாதனை. அதனை நெறிப்படுத்திப் பிறர் பசி தீர்க்கச் செய்வதே சாதனை.

இங்குச் செல்வர், வறியவர், சாதி என்னும் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் கையாலேயே சமைத்துப் படைக்கிறாள். பெருந்தொற்றுக் காலமான 2021, 2022-ஆம் ஆண்டுகளில் பெண்கள் தத்தம் இல்லங்களிலேயே பொங்கலிட்டனர். கூட்டம் இல்லாதபோதும் வழிபாடு குறைவுபடவில்லை.

அடுப்பு ஆறிய பின் எஞ்சும் செங்கற்களைச் சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்தும் முயற்சியையும் மாநகராட்சி மேற்கொண்டுள்ளது. அன்னைக்கு இதைவிட உகந்த நிவேதனம் வேறு உண்டோ? நம் உள்ளத்துக் கனலும் ஒருவருக்கேனும் உணவாகவும் நிழலாகவும் மாறட்டும்.