அதிதியும் பந்துவும்

கொச்சி மாநகரின் எர்ணாகுளம் பகுதியில் அமைந்த பழைய கடைவீதி பிராட்வே. அங்கே சிறிது நேரம் நின்றால் மலையாளத்துடன் தமிழும் வங்காளமும் ஹிந்தியும் செவியில் விழும். பிழைப்புத் தேடி வந்த பிற மாநிலத் தொழிலாளர்களைக் கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்று குறிப்பிடுகிறது.

'திதி' என்றால் நாள். நாள் குறிப்பிடாமல் வருபவரே அதிதி என்று நம் முன்னோர் பொருள் கூறினர். சிந்தித்துப் பார்த்தால் நோயும் அத்தகையதே. அது ஊரையோ, மொழியையோ, அடையாள அட்டையையோ கேட்டு வருவதில்லை. நோயுற்றவரிடம் அவற்றைக் கேட்பவர்கள் நாம்தான்!

1992-இல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற விவசாயத் தொழிலாளி ஒருவருக்கு, அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இடம் கிடைக்கவில்லை. இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் செலவிட்டுச் சிகிச்சை பெற்றார். அவசரச் சிகிச்சையை உரிய நேரத்தில் அளிக்கத் தவறுவது, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதியில்லை என்று அரசு விலகிக்கொள்ள இயலாது என்றும் கூறியது.

கருணைக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. கருணை கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. இன்று சுரக்கும், நாளை வற்றலாம். நீதியோ பெறுபவரின் தேவையைச் சார்ந்தது. கருணை வேண்டாம் என்பதல்ல. அது நிலையான ஒழுங்காக மாறும்போது நீதியாகிறது.

2017-இல் கேரளம் 'ஆவாஸ்' காப்பீட்டுத் திட்டத்தை இத்தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. சிகிச்சைக்கு 15,000 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் என்பது தொடங்கியபோது அதன் ஏற்பாடாக இருந்தது. ஆயினும் மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடுமே! வலியை எந்த மொழியில் சொல்வது? இத்தடைகளை உணர்ந்து, 2020-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தன்னார்வ அமைப்பு ஒன்று தேசிய சுகாதார இயக்கத்துடன் இணைந்து நடமாடும் மருத்துவமனையைத் தொடங்கியது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், தொழிலாளர் வாழும் இடத்தை நாடி மருத்துவம் சென்றது. அதற்கு இட்ட பெயர் 'பந்து'. உறவினர் என்பது பொருள்.

அதிதியை உபசரித்து அனுப்பிவிடலாம். பந்துவை அவ்வாறு அனுப்ப இயலாது; அவர் துன்பம் நம் வீட்டுத் துன்பம். புலம்பெயர்ந்தோர் மட்டுமல்ல, தனித்து வாழும் முதியோர், மாற்றுத் திறனாளிகள், மனநோயால் வாடுவோர், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும்.

உங்கள் ஊர் மருத்துவமனையின் வாயிலில் வழிதெரியாமல் யார் நிற்கிறார்கள்? இந்த மாதம் ஒருநாள் சென்று பாருங்கள். அவருடைய மொழியில் ஒரு சொல் தெரிந்தாலும் போதும். அங்கிருந்து உறவு தொடங்கட்டும்.